எந்தக் காற்றுக்கு எந்தக் கடல்?

கண்டி மாநகரிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மலையேறிச் சென்றால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் மடுல்கெல்ல என்னும் ஊரைக் காணலாம். தேயிலையும் மூடுபனியும் ஓடைகளுமே இவ்வூரின் செல்வம். இங்கிருந்து எத்திசையை நோக்கினும் கடல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், இன்று இலங்கைத் தீவின் எந்தக் கரையில் கடல் குமுறுகிறது, எந்தக் கரையில் அடங்கிக் கிடக்கிறது என்பதை இவ்வூர் வீட்டு முற்றத்தில் நின்றவாறே பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அதை நமக்குச் சொல்வது காற்று.

இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. மலைநாட்டுப் பிள்ளைகளிற் பலர் முதன்முதலாகக் கடலைக் காண்பது பாடசாலைச் சுற்றுலாவிலோ, விடுமுறையில் உறவினருடன் செல்லும் பிரயாணத்திலோதான். ஓராண்டில் ஒரு நாள், அதுவும் சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தில் கடலின் குணத்தைக் கற்றுக்கொள்ள முடியாது, கற்றுக்கொண்டுதான் போகவேண்டும். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதனை இங்கு எழுதப் புகுந்ததன் காரணமும் அதுவே.

இரு காற்றுக்கள், இரு கரைகள்

நமது தீவை ஆள்பவை இரண்டு பருவக் காற்றுக்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவது ஒன்று. கரையோர மக்கள் இதனைச் சோளகம் என்பர். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வீசுவது மற்றொன்று, இது வாடை. இவற்றுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்களும், அக்டோபர், நவம்பர் மாதங்களும் காற்று மாறும் காலங்கள். பிற்பகலில் இடியும் மழையும் மிகும் மாதங்கள் இவை.

சோளகம் இந்து சமுத்திரத்தின் பரந்த நீர்ப்பரப்பைத் தடையின்றிக் கடந்து வந்து, நமது மேற்குக் கரையிலும் தென்மேற்குக் கரையிலும் நேராக மோதுகிறது. நீர்கொழும்பு, கொழும்பு, பெந்தோட்டை, ஹிக்கடுவ, காலி ஆகிய கரைகளில் அப்போது கடல் கலங்கிக் கொந்தளிக்கும். அதே காற்று தீவின் மலைகளையும் காடுகளையும் தாண்டிக் கிழக்குக் கரையை அடையும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. நிலத்தையொட்டிய நீரில் அலை எழுப்ப அதற்கு வேண்டிய தூரம் கிடைப்பதில்லை. ஆகவேதான் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திருகோணமலைப் பக்கத்து நிலாவெளியும் மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாவும் குளத்து நீரைப்போல் அமைதி கொண்டிருக்கின்றன. வாடைக் காலத்தில் இது அப்படியே தலைகீழாகிறது. கிழக்குக் கடல் சீறும். தென்மேற்குக் கடல் தணியும்.

இந்த உண்மையை ஏட்டில் படிக்காமலே வாழ்க்கையில் கடைப்பிடித்தவர்கள் மீனவர்கள். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரை ஊர்களின் மீனவர் பலர், சோளகம் எழுந்ததும் குடும்பத்தோடு முல்லைத்தீவு, திருகோணமலைப் பகுதிக் கரைகளுக்குச் சென்று, வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்து, காற்று மாறியதும் ஊர் திரும்புவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். காற்றையும் கடலையும் இணைத்துக் காலத்தைக் கணிக்கும் இவ்வறிவு மிகப் பழைமையானது. ஆங்கிலேயர் பருவக்காற்றைக் குறிக்க வழங்கும் மொன்சூன் என்னும் சொல்லே, பருவம் என்னும் பொருள்கொண்ட மௌசிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். யவனரின் மரக்கலங்கள் மேற்கிலிருந்து முசிறிக்கு வந்ததும் தென்மேற்குக் காற்றின் துணையால். மீண்டதும் வடகிழக்குக் காற்றின் துணையால்.

மடுல்கெல்லையில் நிற்பவருக்கு இக்கணக்கு எளிது. மூடுபனியும் மேகமும் கண்டிப் பக்கத்திலிருந்து ஏறி வந்து நக்கிள்ஸ் சிகரங்களில் முட்டி நின்றால், அது பொதுவாகச் சோளகம். அப்போது நாட வேண்டியது கிழக்குக் கடல். மேகம் சிகரங்களுக்கு அப்பாலிருந்து மலையைத் தாண்டி நம் பக்கம் வழிந்தால், அது வாடை. அப்போது நாட வேண்டியது தெற்கு, தென்மேற்குக் கடல். மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்துக் கடலுக்கு முதுகைக் காட்டுக என்று சுருக்கமாக மனத்தில் வைக்கலாம்.

குளிர்க்கடலில் பிறந்த அலை

இவ்வளவோடு விஷயம் முடிந்துவிட்டால் இக்கட்டுரையும் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் கடலில் இன்னொரு வகை அலை உண்டு. அதற்கும் நமது முற்றத்துக் காற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

தெற்கே வெகு தூரத்தில், ஆபிரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையே கெர்குலென் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அது பிரான்ஸ் நாட்டுக்கு உரியது. 1776ஆம் ஆண்டின் நத்தார் காலத்தில் அங்கே இறங்கிய கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், மரமொன்றும் காணாத அந்நிலத்தின் வெறுமையைக் கண்டு அதனைப் பாழ்த்தீவு என்று குறித்தார். அத்தீவின் கரையில் அடிக்கும் நீர், பனிக்கட்டியின் குளிருக்குச் சில பாகைகளே மேலானது. தென் அகலாங்கு 40 பாகைக்கு அப்பாற்பட்ட இக்கடல்களில் காற்றைத் தடுக்க நிலம் என்பது அரிது. எனவே புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உலகையே சுற்றி ஓடுகின்றன. பழைய மாலுமிகள் இப்பகுதியைக் கர்ச்சிக்கும் நாற்பதுகள் என்று அழைத்தனர்.

அங்கே ஒரு பெரும்புயல் கடலை உழுதால், அந்த அலைகள் புயலை விட்டுப் பிரிந்து நாற்புறமும் புறப்படுகின்றன. அவற்றுள் வடக்கு நோக்கி வருபவை நம் தீவை அடைகின்றன. 16 விநாடிக்கு ஒன்றாக வரும் நெடிய அலைக்கூட்டமொன்று ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 45 கிலோமீற்றர் வேகத்தில் முன்னேறும். ஒரு நாளில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். கெர்குலெனுக்கும் இலங்கையின் தென்முனைக்கும் இடையே ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். ஆகவே திங்கட்கிழமை அங்கே எழுந்த புயலின் அலை, அந்த வார இறுதியில் அறுகம்பேயின் மணலைத் தொடலாம்.

வருவது அந்தக் குளிர்ந்த நீரன்று என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். மலைச்சரிவில் மானாப்புல் வளர்ந்த வெளியில் காற்று வீசும்போது பச்சை அலைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடுவது அசைவு, புல் தன் வேரில்தான் நிற்கிறது. கடலிலும் அவ்வாறே, நீர் பெரும்பாலும் தன் இடத்திலேயே ஏறி இறங்க, ஆற்றல் மட்டுமே பயணம் செய்கிறது. அதனால்தான் குளிர்க்கடலின் சீற்றம் நமது வெதுவெதுப்பான நீரில் வந்து வெளிப்படுகிறது.

இது கற்பனையன்று. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த வோல்ட்டர் மங்க் என்னும் அறிஞர், 1963ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை பசிபிக் சமுத்திரத்தில் அளவுகருவிகளை வரிசையாக நிறுவி, தென்கடற் புயல்களில் எழுந்த அலைகளை வழிநெடுக அளந்தார். புயலின் எல்லையைத் தாண்டிய பின்னர் அவ்வலைகள் பல்லாயிரம் கிலோமீற்றர் சென்றும் தம் ஆற்றலைப் பெரிதும் இழப்பதில்லை என்பது அவ்வாய்வில் தெளிவாயிற்று.

அறுகம்பேயின் பருவம்

இந்த இருவகை அலைகளும் எவ்வாறு ஒன்றையொன்று சந்திக்கின்றன என்பதை அறிய அறுகம்பேயை விடச் சிறந்த இடம் நம் நாட்டில் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் பொத்துவிலை அடுத்துள்ள இக்குடாவிற்கு அலைச்சறுக்கு வீரர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் வருகின்றனர். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குச் சங்கத்தின் போட்டியொன்றும் இங்கே நடைபெற்றது. ஏறத்தாழ ஏப்ரல் இறுதியிலிருந்து அக்டோபர் வரை இதன் பருவம்.

ஏன் அந்த மாதங்களில்? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகியவை தென்பாதி உலகின் குளிர்காலம். அப்போது தென்கடற் புயல்கள் வலுக்கின்றன. நெடிய அலைகள் மிகுதியாக வருகின்றன. அதே காலத்தில் நம் நாட்டில் சோளகம் வீசுவதால், அறுகம்பேயில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குச் செல்கிறது. தெற்கிலிருந்து வரும் அலை கரைமுனையைச் சுற்றி வளைந்து வர, எதிர்க்காற்று அதன் முகத்தைச் சீவி ஒழுங்காக்குகிறது. வந்த அலை சிதறாமல், ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு வரிசையாக உடைகிறது. சறுக்குபவருக்கு இதுவே வேண்டியது.

இதிலிருந்து ஒரு முக்கியமான பாடத்தை நாம் பெறவேண்டும். ஆகஸ்டில் கிழக்குக் கடல் அமைதியானது என்று மேலே கூறினோம். அது நிலாவெளிக்கும் பாசிக்குடாவுக்கும் பொருந்தும். தெற்கு நோக்கித் திறந்திருக்கும் அறுகம்பேயின் முனைக்குப் பொருந்தாது. தேர்ந்த வீரர் தேடி வரும் அலை, நீச்சல் அறியாத பிள்ளைக்கு உகந்ததன்று. கிழக்கு என்ற பெயரை மட்டும் பார்த்து இறங்கிவிடலாகாது.

வாடைக் காலத்தில் அலைச்சறுக்குக்காரர் ஹிக்கடுவ, வெலிகம முதலிய தென்கரை ஊர்களுக்கு இடம் பெயர்கின்றனர். மீனவர் வாடியும் வெளிநாட்டவர் விடுதியும் ஒரே காற்றைப் பின்பற்றுவது சிந்திக்கத்தக்கது.

மூன்று விடுமுறைகள்

நமது பாடசாலைகளின் விடுமுறைகள் வழக்கமாக ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் வருகின்றன. மூன்றுக்கும் மூன்று கடல்.

ஆகஸ்டில் கொழும்பு பார்க்கச் செல்பவர்கள் காலிமுகத்திடலிலும் கல்கிசையிலும் கடலைக் கண்டு களிக்கலாம், காற்று வாங்கலாம், ஆனால் இறங்கிக் குளிப்பதற்குரிய காலம் அதுவன்று. குளித்து மகிழ விரும்புவோர் நிலாவெளி, பாசிக்குடாப் பக்கம் செல்லலாம்.

டிசம்பரில் இதற்கு மாறாகக் கிழக்கைத் தவிர்க்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்கள் வங்காள விரிகுடாவில் சூறாவளி தோன்றும் காலம். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அம்மாவட்டத்து முதியோர் இன்றும் மறக்கவில்லை. இக்காலத்தில் தென்கரையே தக்கது.

மூன்றாவதான ஏப்ரல் மாதந்தான் ஏமாற்றும் மாதம். காற்று ஓய்ந்திருக்கும், வானம் நீலமாக விளங்கும், எல்லாக் கரைகளும் இனியனவாகத் தோன்றும். ஆனால் தென்கடலில் அப்போது புயற்காலம் தொடங்கிவிடுகிறது. இங்கே இலைகூட அசையாதிருக்க, அங்கே பிறந்த அலை ஓசையின்றி வந்து சேருகிறது. கேரளத்து மீனவர் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயரிட்டுள்ளனர். திருடனைப் போல் முன்னறிவிப்பின்றி வருவதால் அப்பெயர். 2012இல் இச்சொல்லை யுனெஸ்கோவும் அறிவியல் வழக்கில் ஏற்றுக்கொண்டது.

2024ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் நடந்தது இதற்குக் கொடிய சான்று. மருத்துவக் கல்லூரியொன்றின் மாணவ மாணவியர் குழுவாகக் கடலுக்குச் சென்றிருந்தனர். திடீரென எழுந்த அலை அவர்களை இழுத்துச் சென்றது, ஐவர் உயிரிழந்தனர். தென் தமிழகக் கரைக்கும் கேரளக் கரைக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது. பிறர் உயிரைக் காக்கும் கல்வியைக் கற்றவர்கள் அவர்கள். படிப்பில் குறைந்தவர்கள் அல்லர். கடலின் மொழி ஒன்றுதான் அவர்களை எட்டவில்லை. அந்த ஐந்து இல்லங்களின் துயரத்தை எண்ணினால் நெஞ்சம் நடுங்குகிறது.

ஓடை தந்த பாடம்

மடுல்கெல்லைப் பிள்ளைகள் நீரை அறியாதவர்கள் அல்லர். ஹுலு கங்கையும் அதில் கலக்கும் ஓடைகளும் அவர்களுடைய விளையாட்டிடங்கள். நுரைத்துச் சலசலக்கும் இடத்தில் கல்லும் குறைந்த ஆழமும் உண்டு. சத்தமின்றிக் கறுத்துக் கிடக்கும் இடமே ஆழமான கசம் என்று வீட்டுப் பெரியவர்கள் அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இதே அறிவு கடற்கரையிலும் செல்லும் என்பதை மட்டுந்தான் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை.

அலை, நீரின் ஆழம் குறையும் இடத்தில்தான் உடைந்து வெண்ணுரையாகிறது. ஒரு மீற்றர் உயர அலை, ஏறத்தாழ ஒன்றே கால் மீற்றர் ஆழத்தில் உடையும். உடைந்த அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எவ்வழியாலேனும் திரும்பவேண்டும். மணல்திட்டுக்களுக்கு இடையிலுள்ள பள்ளமான வாய்க்காலே அதன் வழி. அங்கே ஆழம் அதிகமாகையால் அலை உடைவதில்லை; நுரை இல்லை; நீர் சற்றுக் கறுத்து அமைதியாகத் தோன்றும். இரு புறமும் அலை ஆர்ப்பரிக்க, நடுவே அமைதியான இடத்தைக் கண்டதும் புதியவர் இதுவே பாதுகாப்பானது என்று எண்ணி அங்கே இறங்குகிறார். உண்மையில் அதுவே கடலுக்குள் இழுத்துச் செல்லும் ஆறு. அதன் ஓட்டம் சில வேளைகளில் விநாடிக்கு இரண்டு மீற்றரையும் மிஞ்சும். உலகப் புகழ்பெற்ற நீச்சல் வீரரும் அதனை எதிர்த்து வெல்ல இயலாது.

ஆனால் அந்த ஆறு அகலமற்றது. உடைகின்ற அலைகளுக்கு அப்பால் சென்றதும் பெரும்பாலும் வலுவிழந்துவிடுவது. ஆளை நீருக்கு அடியில் இழுப்பதும் அன்று. பலர் உயிரிழப்பது ஓட்டத்தால் அன்று. கரையை நோக்கி அதனை எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால். அகப்பட்டவர் செய்யத்தக்கது, பதறாமல் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்பது. நீந்த வல்லவரானால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகி, அலை உடையும் இடத்தின் வழியாகக் கரை சேர்வது.

கரையில் நிற்பவர்களுக்கும் ஒரு சொல். ஒருவரைக் காப்பாற்ற வெறுங்கையுடன் பாய்ந்தவர்களும் சேர்ந்து மாண்ட செய்திகளை அடிக்கடி வாசிக்கிறோம். பாய்வதற்கு முன் மிதக்கும் பொருள் எதையேனும் வீசுங்கள். மூடிய வெற்றுப் பிளாஸ்டிக் கலனும் உதவும். உயிர்காப்பாளரைக் கூவி அழையுங்கள். பொலிஸாருக்கு 119, நோயாளர் வண்டிக்கு 1990 என்ற இலக்கங்களை மாணவர் யாவரும் மனனம் செய்திருக்க வேண்டும்.

புறப்படுமுன்

கடலுக்குச் செல்லும் குடும்பங்களும் பாடசாலைகளும் கவனிக்கத்தக்கவை சில. புறப்படும் நாளன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிக்கையைக் கேளுங்கள். கரையை அடைந்ததும் உடனே இறங்காமல் ஒரு கால் மணி நேரம் நின்று நீரைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டங்கூட்டமாக வருபவை. இடையில் வரும் அமைதியைக் கண்டு ஏமாறலாகாது. சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கலாகாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் இரண்டுக்கு நடுவே, உயிர்காப்பாளரின் பார்வையில் குளிப்பதே முறை. அவ்வூர் மீனவர் ஒருவரிடம், இன்று கடல் எப்படி ஐயா என்று கேட்பதில் யாதொரு குறைவும் இல்லை. நனைந்த சேலையும் நீண்ட காற்சட்டையும் காலைக் கட்டும் பாரம் என்பதையும் மறவாதிருங்கள். பிள்ளைகளை எண்ணிக்கொண்டேயிருக்கும் வேலையை ஒரு பெரியவர் ஏற்க வேண்டும். அவர் குளிக்கவும் கூடாது, கைத்தொலைபேசியைப் பார்க்கவும் கூடாது.

விபத்துக்கு அஞ்சிச் சுற்றுலாவையே நிறுத்திவிடுவது சிலர் காணும் வழி. அது எமக்கு உடன்பாடன்று. மலைநாட்டுத் தமிழரின் முன்னோர் கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னாருக்கு வந்து, காட்டு வழியே கால்நடையாக மலையேறியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குக் கடல் அந்நியமாகிவிடலாகாது. பிள்ளைகள் கடலைக் காணட்டும். அதன் உப்பை உதட்டில் உணரட்டும். அந்த அலை எத்தனை தூரத்துக் குளிர்க்கடலிலிருந்து வந்தது என்று கணக்கிட்டு வியக்கட்டும். ஆனால் வீட்டை விட்டுப் புறப்படுமுன் முற்றத்தில் நின்று, மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படட்டும். அந்த ஒரு பார்வை அவர்களை நல்ல கரைக்கு அழைத்துச் செல்லும். நல்லபடி வீட்டுக்கும் திருப்பிக் கொண்டுவரும்.